உன்னை விட்டுவிட்டு ஏலகிரி போனோம்

என் செண்பகா அக்கா,

வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் நாங்கள் ஏலகிரி போய்விட்டு வந்தோம். செல்போனில் வீடியோ போட்டு, "பாருடி, பாருடி" என்று என் தோளைப் பிடித்து உலுக்குவாயே, அதே மாதிரி ஒரு இடம். மலைச்சரிவில் மண்பாதை போட்டிருக்கிறார்கள், கியர் சைக்கிளில் இறங்கலாம். ஒரு மேட்டுக்கும் இன்னொரு மேட்டுக்கும் நடுவே கம்பி இழுத்துக் கட்டி, இடுப்பில் பெல்ட் மாட்டிவிடுகிறார்கள். பள்ளத்துக்கு மேலே தொங்கிக்கொண்டே பறக்கலாம். ஜிப்லைன் என்று நீதான் எனக்கு அந்தப் பெயரையே சொல்லிக்கொடுத்தாய்.

கூட்டிக்கொண்டு போனது யார் தெரியுமா? அத்தான்.

ஆமாம் அக்கா, உன் புருஷன்தான். மகாபலிபுரத்துக்கே, "போய்ட்டு வர்றதுக்குள்ள கடைய யாரு பாப்பா?" என்று கேட்ட அதே மனுஷன். தி.நகர் பாத்திரக் கடையின் கல்லாவில் உட்கார்ந்தால், பொங்கலானாலும் புயலானாலும் எழுந்திருக்காத மனுஷன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு, காரை அவரே ஓட்டிக்கொண்டு, வழியில் நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்து, ஏலகிரி மலையில் கொண்டுபோய் எங்களை இறக்கினார்.

எங்களை என்றால் யார் யாரை என்பதையும் சொல்ல வேண்டுமே. உன் பெண் அபி. நான். அப்புறம் வசந்தி.

வசந்தியைப் பற்றி உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. உன் முதல் வருஷத் திதி முடிந்ததும் பேச்சை ஆரம்பித்துவிட்டார்கள். நம் அம்மாவே, "பொம்பளப் புள்ள வளர்ற வீடு. அவரும் எத்தன நாளைக்கு ஓட்டல் சாப்பாடு சாப்பிடுவாரு?" என்றாள். உன்னைப் பெற்றவள் வாயிலிருந்து அது வந்த அன்று நான் மந்தைவெளி வீட்டிலிருந்து இறங்கி, மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்டிருக்கும் தகரத் தடுப்புகளை ஒட்டியே, எங்கே போகிறேன் என்று தெரியாமல் மயிலாப்பூர் குளம்வரைக்கும் நடந்தேன். அத்தானுக்கும் வசந்திக்கும் வடபழனி கோயிலில் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை.

பெசன்ட் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவர். கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! ஹாலில் உன் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறார். அபிக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். என்னிடம் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அவரை அக்கா என்று கூப்பிடச் சொல்லி அம்மா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். என்னால் முடியவில்லை. பெயர் சொல்லாமல், முறை சொல்லாமல், "நீங்க, வாங்க" என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏலகிரி போகவும் எனக்கு மனசே இல்லை. அபிதான் போன் பண்ணினாள். "சித்தி, நீங்க வந்தாத்தான் நானும் வருவேன். இல்லேன்னா அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன பண்றது?" பதிமூன்று வயதுப் பெண் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வாய் நீ? நானும் அதைத்தான் சொன்னேன். ஈக்காட்டுத்தாங்கல் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த இடத்தில் கார் நின்றதும் அத்தான் முதலில் இறங்கினார். நீ பார்த்திருக்க வேண்டும். வெள்ளை வேட்டி இல்லை, வெள்ளைச் சட்டை இல்லை. நீல டீ-ஷர்ட், டிராக் பேன்ட், காலில் ஷூ. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மலையைப் பார்த்து, "அப்பா, என்ன காத்து!" என்றார். காற்று அவருக்குத் தெரிந்திருக்கிறது அக்கா. பதினாறு வருஷம் அவரோடு இருந்தாயே, ஒரு நாளாவது அவர் வாயிலிருந்து காற்று என்ற வார்த்தையைக் கேட்டிருக்கிறாயா?

தலைக்கவசம், முழங்கால் பட்டை எல்லாம் மாட்டிவிட்டார்கள். எனக்கும் ஒரு தலைக்கவசத்தை நீட்டினார்கள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. உன்னை நினைத்து விட்டுக்கொடுத்தேன் என்று பெருமையடித்துக்கொள்ளவும் முடியாது. அவர்களுடைய சந்தோஷத்தில் என் சிரிப்பு ஒன்றுகூடச் சேரக்கூடாது என்ற வீம்பு, அவ்வளவுதான். மண்பாதை முடிகிற இடத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

மேலே வளைவிலிருந்து மூன்று சைக்கிள்களும் வந்தன. முன்னால் அபி. அவள் குனிந்து ஓட்டுகிற விதம் அப்படியே நீதான். பின்னால் வசந்தி, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, பயந்துகொண்டு. கடைசியில் அத்தான். ஈர மண்ணில் சக்கரம் வழுக்கி, சைக்கிளோடு சரிந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்தே விட்டேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். அந்தச் சேற்றில் உட்கார்ந்தபடியே தலையைப் பின்னால் சாய்த்து, மேல்வரிசைப் பல் எல்லாம் தெரிய, சத்தமாகச் சிரித்தார். "வசந்தி, போட்டோ எடு, போட்டோ எடு!" என்று கத்தினார்.

எனக்கு அப்போது பனகல் பார்க் ஞாபகம் வந்தது. உனக்கும் அது மறந்திருக்காது.

கல்யாணத்துக்கு முன்னால் அடையாறு பெண்கள் பள்ளியில் நீ பி.டி. டீச்சராக இருந்தபோது மந்தைவெளியிலிருந்து சைக்கிளில்தான் போவாய். பஸ்ஸை முந்திவிட்டேன் என்று வந்து பீற்றிக்கொள்வாய். வேலையை விட்டாய், சைக்கிளை விட்டாய். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து ஒரு நாள் காலையில், கடை திறக்குமுன் கடையாள் செல்வத்தின் சைக்கிளை வாங்கிக்கொண்டு பனகல் பார்க்கை ஒரு சுற்று சுற்றினாய். நான் பின்னாலேயே ஓடிவந்தேன். செல்வம் நடைபாதையில் நின்றுகொண்டு, "அண்ணி, சீட்டு ஒசரமா கீது, பாத்து! சூப்பரா ஓட்டுறீங்களே அண்ணி!" என்று கத்தினார். உன் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாய். ரோட்டில் கூட்டம் இல்லை. அவ்வளவு அழகாக நீ இருந்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது அத்தான் கடை வாசலில் நின்றிருந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "நாலு பேரு பாக்குற எடத்துல மொதலாளி பொண்டாட்டி சைக்கிள் ஓட்டுனா, நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டு உள்ளே போனார். நீ சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாய். கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய் இட்லி ஊற்றினாய்.

அந்த மனுஷன்தான் சேற்றில் உட்கார்ந்து போட்டோ எடுக்கச் சொன்னார்.

இன்னொரு சுற்றுக்கு அபியும் வசந்தியும் போனார்கள். அத்தான் குழாயடியில் கையைக் கழுவிவிட்டு என் பெஞ்சுக்கு வந்தார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். நான் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். சென்னையிலிருந்து கிளம்பும்போதே அம்மா, "அங்க போய் மூஞ்சத் தூக்கி வச்சுக்காத, ஒண்ணும் பேசாத" என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அக்கா இருக்கும்போது ஏன் அத்தான் கூட்டிட்டு வரல?"

அவர் டிராக் பேன்ட்டில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நான் ஒக்காரலேன்னா கடை நிக்காதுன்னு நெனச்சேன் கோமு. அவ ஆஸ்பத்திரில இருந்தப்ப, மாசக்கணக்குல நான் கடைப் பக்கமே போகல. கடை பாட்டுக்கு நடந்துச்சு. செல்வமே எல்லாத்தையும் பாத்துக்கிட்டான். அப்பத்தான் தெரிஞ்சுது, இத்தன வருஷமும் சும்மா ஒக்காந்திருந்தேன்னு. தெரியறப்ப அவ எந்திரிக்க முடியாம கெடந்தா."

"இப்ப தெரிஞ்சு யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"உனக்குக் கோவம் இருக்கும். இருக்கட்டும்."

"எனக்கு இருக்கிறது இருக்கட்டும். அவளுக்கு இருந்திருக்காதா அத்தான்?"

அவருக்குக் கண் கலங்கியது, நான் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நீ சொல்வாயோ?

நீ வயிற்றுவலி என்று முதலில் சொன்னது ஆடித் தள்ளுபடி நேரம். ஆடி முடியட்டும், டாக்டரிடம் போகலாம் என்றார். ஆடி முடிந்ததும் தீபாவளி முடியட்டும் என்றார். அதற்குள் நீயே, "வாயுப் பிடிப்புதான், கஷாயம் குடிச்சேன்" என்று அவருடைய பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டாய். தீபாவளி முடிந்து ஸ்கேன் எடுத்தபோது அந்த டாக்டர் அம்மா எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். ஒரு மனுஷனுக்குப் புத்தி வருவதற்கு இவ்வளவு செலவா அக்கா? அந்தச் செலவு உன் தலையிலா விடிய வேண்டும்? நீ உயிரைக் கொடுத்துத் திருத்திவைத்த புருஷனோடு இன்னொருத்தி மலை ஏறுகிறாள். வசந்திமீதும் தப்பில்லை, அத்தான்மீதும் இனிமேல் தப்புச் சொல்ல முடியாது என்றால், நான் யாரைப் போய் அடிப்பது?

சாப்பாட்டுக்கு அப்புறம் ஜிப்லைன். நான் மேடை ஏறவில்லை. கம்பி வந்து முடிகிற இந்தப் பக்கத்து மேட்டுக்குப் படிவழியாக நடந்து போய் நின்றேன். முதலில் வசந்தி வந்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உதடு முழுக்க முருகா முருகா என்று. இறங்கியதும் "இந்த வேலையே வேணாம் சாமி. அபிக்காகத்தான் ஏறினேன்" என்று என்னிடம் சொல்லி, பெல்ட்டைக் கழற்றாமலே அங்கேயே நின்று எதிர்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அபியை அந்தப் பக்கத்திலிருந்து அத்தான் அனுப்பினார். சிவப்புப் புள்ளி மாதிரித்தான் தெரிந்தாள் முதலில். கம்பி விர்ரென்று சத்தம் போட்டது. பள்ளத்தின் நடுவில் வரும்போது காற்று அவளை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டது. அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு வந்தவள் பயந்துபோய்க் கத்தினாள்.

"அம்மா!"

மலையில் அது பட்டுத் திரும்பியது.

அவள் வசந்தியை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். வசந்தி என் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முகத்தில் அப்போது வந்ததை நான் எழுதத்தான் வேண்டும். அது பேராசை இல்லை, வெற்றியும் இல்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "இதோ, இதோ வந்துட்டேன் கண்ணு" என்று சொல்லி, பெல்ட் கொக்கி கல்லில் இடிக்க இடிக்க ஓடிப்போய், இறங்கிய பிள்ளையைக் கட்டிக்கொண்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எனக்கு அந்த நிமிஷம் அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல இருந்தது. அது உன்னைக் கூப்பிட்ட குரல் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

பிறகு முகம் கழுவுகிற இடத்தில் அபி என்னிடம் தனியாக வந்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"சித்தி, நான் அம்மான்னு கத்துனேன்ல."

"பயத்துல எல்லாரும் அப்படித்தாண்டா கத்துவாங்க."

"அது தெரியும். ஆனா அவங்க ரொம்ப சந்தோஷப்பட்டுட்டாங்க. இல்லேன்னு சொன்னா பாவமா இருக்கும். ஆமான்னு சொன்னா எங்கம்மா பாவம். நான் என்ன சொல்றது சித்தி?"

ஒன்றும் சொல்லாதே என்று சொன்னேன். நான் சொன்னது சரியா? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை அக்கா.

மறுநாள் மத்தியானம் மலை இறங்கினோம். வாணியம்பாடி தாண்டி நெடுஞ்சாலையைப் பிடித்ததும் வசந்தி பின்னால் திரும்பி எங்களோடு பேசிக்கொண்டு வந்தார். அன்று என்னமோ மனம் லேசாக இருந்திருக்கும் அவருக்கு. என்னிடம் அன்பாகத்தான் சொன்னார்.

"கோமதி, உங்க அக்காவப் பத்தி இவரு அடிக்கடி சொல்வாரு. தனக்குன்னு எதுவுமே கேக்க மாட்டாங்களாமே. எங்கயும் போகணும்னுகூடக் கேட்டதில்லையாம். என்னை மாதிரி நச்சரிக்க மாட்டாங்கன்னு சொல்வாரு. அப்படி ஒரு தங்கமான மனசு யாருக்கு வரும்?"

அத்தான் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

சேற்றில் உட்கார்ந்து சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன். அம்மா என்ற குரலை இன்னொருத்தி வாங்கிக்கொண்டதையும் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. இவர் மறுத்ததையெல்லாம் அழித்துவிட்டு, நீ கேட்கவே இல்லை என்று எழுதிக்கொண்டாரே!

"கேட்டா," என்றேன்.

"என்ன?" என்றார் வசந்தி.

"எங்க அக்கா கேட்டா. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ இல்ல. நான் பக்கத்துல இருந்தேன். ஏலகிரி கேட்டா. மகாபலிபுரம் கேட்டா. பழைய வேலைக்குத் திரும்பப் போகட்டுமான்னு கேட்டா. டாக்டர்கிட்டப் போலாமான்னும் கேட்டா. கெடைக்கல. அதனால கேக்கறத நிறுத்திட்டா. அதுக்குப் பேரு தங்கமான மனசு இல்ல."

வசந்தி மெதுவாக முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா சொல்லி அனுப்பியதெல்லாம் போச்சு என்று நினைத்தேன். இனிமேல் அத்தான் வீட்டு வாசலை மிதிக்க முடியாது, அபியைப் பார்க்க விடமாட்டார்கள் என்றும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தேன். சொன்னதற்காக வருத்தம் மட்டும் வரவே இல்லை.

அபிதான் கேட்டாள். "அம்மாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா சித்தி?"

அந்தப் பிள்ளைக்கு அதுகூடத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லையே, ஏன்?

சொன்னேன். அடையாறு பாலத்தில் நீ பஸ்ஸை முந்தியதைச் சொன்னேன். விசிலை வாயில் வைத்துக்கொண்டு மாணவிகளை விரட்டியதைச் சொன்னேன். பனகல் பார்க்கைச் சுற்றியதைச் சொன்னேன். செல்வம் மாமாவின் சைக்கிளா என்று கேட்டு அபி சிரித்தாள். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள். நான் கண்ணாடியில் அத்தானைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆம்பூர் பக்கத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவர் சொன்னார். "நான்தான் திட்டுனேன் அபி. நாலு பேரு பாப்பாங்கன்னு திட்டுனேன். சித்தி சொல்றது நெசம். உங்கம்மா எல்லாம் கேட்டா. நான்தான் ஒண்ணும் குடுக்கல."

அபி அவரையே பார்த்தாள். பிறகு என் மடியில் சாய்ந்துகொண்டாள். வசந்தி அழுதார். யாருக்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை. கிண்டி வரும்வரைக்கும் அத்தானும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. இருக்கக்கூடாதுதான்.

நான் பயந்த மாதிரி யாரும் வாசலை அடைக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வசந்தியே அபியை மந்தைவெளிக்குக் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரவில்லை. "அவங்க அம்மாவப் பத்தி இன்னும் கேக்கணும்னு சொல்றா. சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். அதற்காகவும் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. நல்லவர்கள்மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று நீ எனக்குச் சொல்லித்தரவே இல்லை.

அபியிடம் உன்னைப் பற்றிப் பொய்யாக ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன் அக்கா, இது சத்தியம். உனக்குக் கோபம் வரும் என்று சொல்வேன். ஆசைப்பட்டாய் என்று சொல்வேன். பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாய் என்றும் சொல்வேன், அவள் அப்படி மூடிக்கொள்ளாமல் இருப்பதற்காக.

அத்தான் இன்னும் நல்லவராக ஆவார். ஆகட்டும். எல்லோரும் என்னிடம் வந்து, "போனது போச்சு, மன்னிச்சு விட்டுடு" என்பார்கள். அம்மா இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மன்னிப்பு கொடுப்பதென்றால் அதை நீ கொடுக்க வேண்டும். உனக்குப் பதிலாக நான் யாருக்கும் அதைக் கொடுக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்த
கோமு